மட்டம் சமமாகும்வரை

கிருலப்பனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு முன்னறையில் சட்டம் போட்ட ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவாமிப் படங்கள் சுவாமியறையில். கடைக்காரர்கள் தந்த கலண்டர்கள் குசினிக் கதவில். முன்னறையின் நீளச் சுவர் முழுவதும் அந்த ஒரு படத்துக்கே சொந்தம். ஜோன் கொன்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியர் 1824ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்த 'த லொக்' என்ற ஓவியத்தின் அச்சுப் பிரதி அது. வீட்டுச் சொந்தக்காரி ஒரு பறங்கி அம்மா. எழுபதுகளின் தொடக்கத்தில் மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது பியானோவை விற்றார், பீங்கான்களைப் பெட்டியில் அடுக்கினார், படத்தை மட்டும் சுவரிலேயே விட்டுப் போனார். "இது இந்த வீட்டோட இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அந்த வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் கிருலப்பனைக் கால்வாய் ஓடியது. முன்னறையில் சீமைக் கால்வாய், பின்வளவில் எங்கள் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் நான் வளர்ந்தேன்.

எங்கள் கால்வாயைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெயில் காலத்தில் நாறும், மழைக்காலத்தில் மதில் வரைக்கும் ஏறும், நுளம்பு பெருகும், பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதுதான் வீட்டுச் சட்டம். நான் போனேன். சல்வீனியா பச்சைப் பாயாகப் படர்ந்த தண்ணீரில் கபரகொய்யா தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திப் போகும். நீர்க்காகம் முக்குளித்து வேறெங்கோ எழும்பும். அக்கரையில் ஒரு சிங்களக் குடும்பம் கங்குன் கீரை போட்டிருந்தது. விடியப்புறம் அந்த வீட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கீரையை அரிந்து கட்டுவார்கள். ஹைலெவல் வீதிப் பாலத்தில் நின்று பார்த்தால் கால்வாய் வெள்ளவத்தைப் பக்கம் வளைந்து போவது தெரியும். சென். பீற்றர்ஸ் கல்லூரியை அண்டிப் போய், காலி வீதியையும் ரயில் பாதையையும் கடந்து கடலில் விழும். கடல் பொங்கும் நாட்களில் வாய்க்கால் வாயை மணல் மூடிவிடும். மூடினால் கிருலப்பனையில் தண்ணீர் ஏறும். வெட்டிவிட்டால் இறங்கும். தண்ணீருக்கு மட்டம் என்று ஒன்று உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும், அதை மனிதர்கள் திறந்தும் மூடியும் ஆள்கிறார்கள் என்பதைப் பாடசாலைக்கு முன்பே அந்த மதில் எனக்குச் சொல்லித் தந்தது.

படத்தில் இருப்பதும் அதே சங்கதிதான் என்று தெரிய பெரியமாமா வரவேண்டியிருந்தது.

பெரியமாமா கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர். இரணைமடுக் குளத்தின் துருசுகளோடு வாழ்ந்த மனிதர். தலைமைக் கந்தோரில் ஏதும் அலுவல் என்றால் கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குவார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து "வடிவான படம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருப்பார்கள். மரம் வடிவு, முகில் வடிவு. மாமா மட்டும் கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் நடுவில் குனிந்து நிற்கும் மனிதனைக் கனநேரம் பார்த்தார். சிவப்பு மேலங்கி போட்ட மனிதன். கையில் இரும்புப் பாரை. முழு உடம்பின் பாரத்தையும் அதன் மேல் போட்டு எதையோ நெம்புகிறான்.

"தம்பி, இவன் என்ன செய்யிறான், சொல்லு பாப்பம்."

"கதவைத் திறக்கிறான்."

"கதவை இப்ப திறக்க ஏலாது. ஆனை வந்தாலும் ஏலாது. துருசைத் தூக்கிறான்."

எனக்கு விளங்கவில்லை. மாமா என் கணக்குக் கொப்பியை வாங்கி, ஒரு பக்கத்தில் கால்வாயைப் பக்கவாட்டில் வெட்டிக் கீறிக் காட்டினார். மேல் மட்டத்தில் ஒரு தண்ணீர், கீழ் மட்டத்தில் ஒரு தண்ணீர், நடுவில் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி, அதுதான் லொக். மேலிருந்து கீழே போகவேண்டிய வள்ளம் தொட்டிக்குள் வந்துவிட்டது. பின்கதவை மூடியாயிற்று. இப்போது தொட்டிக்குள் தண்ணீர் உயரம், வெளியே பதிவு. உயர்ந்த தண்ணீர் கதவில் சாய்ந்து அதை அமத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பாரத்துக்கு எதிராக எவனாலும் கதவை இழுக்க முடியாது. அதனால் கதவின் அடியில் இருக்கும் சின்னப் பலகையை மட்டும் தூக்குவார்கள். அந்த வழியால் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே போகும். தொட்டித் தண்ணீர் இறங்கும், வள்ளமும் கூடவே இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கதவில் பாரம் இல்லை. அப்போது ஒரு ஆள் தள்ளினாலே அது தானாகத் திறந்து வழிவிடும்.

"அதுவரைக்கும் பாத்துக்கொண்டுதான் நிக்கவேணும். அவசரப்பட்டு ஒண்டும் செய்ய ஏலாது. இந்த வள்ளக்காரனைப் பார், கயித்தைத் தறியில சுத்திப் பிடிச்சிருக்கிறான். தண்ணி இறங்க இறங்க அவன் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கவேணும். இறுக்கிக் கட்டினா வள்ளம் கயித்தில தொங்கும். இதைக் கீறினவன் சும்மா கரையில நிண்டு பாத்தவனில்லை. வேலை தெரிஞ்சவன்."

ஓவியம் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் இது. அதன் பிறகு எத்தனையோ கலை விமர்சனங்களை வாசித்திருக்கிறேன். ஒளி, நிழல், கட்டமைப்பு, மரபு என்று நல்ல நல்ல விளக்கங்கள். ஆனால் அந்த ஓவியத்தின் மையம் எது என்று மாமா சொன்னதுபோல் பளிச்சென்று சொன்ன ஒன்றை நான் கண்டதில்லை. 'த லொக்' ஒரு நொடியின் படம். பலகை தூக்கப்படுகிறது, நீர் பாயத் தொடங்குகிறது, வள்ளம் இன்னும் உயரத்தில் நிற்கிறது. மரங்கள் காற்றில் அலைகின்றன, முகில் உருண்டு போகிறது, தூரத்தில் டெட்ஹம் தேவாலயக் கோபுரம் சின்னதாக நிற்கிறது. எல்லாம் அசைகிற அந்த உலகத்தின் நடுவில் ஒரு தொழிலாளி தன் உடம்பின் பாரத்தால் ஒரு நதியின் மட்டத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான்.

மாமா சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு கொன்ஸ்டபிளின் வாழ்க்கையை வாசித்தபோது தெரிந்தது. அவர் 1776இல் சவக் மாவட்டத்தின் ஈஸ்ற் பேர்கோல்ற் கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் கோல்டிங் கொன்ஸ்டபிள் ஒரு ஆலைக்காரர். ஸ்ரவர் நதிக்கரையில் பிளற்பேர்ட் ஆலையும் டெட்ஹம் ஆலையும் அவருடையவை. 1705ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அந்தச் சின்ன நதியில் லொக் கேற்றுகள் கட்டி வள்ளப் போக்குவரத்துக்கு வழி செய்திருந்தார்கள். குதிரைகள் கரையில் நடந்து வள்ளங்களை இழுத்தன. மாவும் தானியமும் கடல் பக்கம் போயின, நிலக்கரி திரும்பி வந்தது. வள்ளங்கள் தகப்பனுடையவை. ஆலைத் தொழிலைப் பழகுவதற்காக இளைஞன் ஜோனும் சில காலம் அங்கே வேலை செய்தார். படத்தில் இருக்கும் அந்த லொக், பிளற்பேர்ட் ஆலையோடு ஒட்டிய குடும்பத் தொழிலின் வாசல். உளுத்த பலகையும் பாசி பிடித்த தூணும் மதகில் தண்ணீர் விழும் ஓசையும் தனக்கு எவ்வளவு பிரியம் என்று 1821இல் நண்பர் ஜோன் பிஷருக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அழகான இடங்களைத் தேடி மலைக்கும் இத்தாலிக்கும் ஓவியர்கள் போன காலம் அது. இவர் அப்பாவின் மதகுப் பலகையை வரைந்தார்.

அதிலும் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த ஓவியங்களை அவர் நதிக்கரையில் வைத்து வரையவில்லை. லண்டனில், தன் வீட்டில், பழைய குறிப்புக் கொப்பிகளையும் சின்ன எண்ணெய்ச் சித்திரங்களையும் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு வரைந்தார். 1819இல் 'வெள்ளைக் குதிரை', 1821இல் 'வைக்கோல் வண்டி', 1824இல் 'த லொக்', 1825இல் 'பாயும் குதிரை' என்று வந்த பெரிய படங்கள் எல்லாம் ஊரை விட்டு வந்தவர் ஊரைப் பற்றிச் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் முதலில் முழு அளவிலேயே ஒரு முன்வரைவு தீட்டிப் பார்ப்பார். அப்படி வேறு யாரும் செய்வதில்லை, கான்வசும் வர்ணமும் அவ்வளவு செலவு. ஞாபகம் பிழைக்கக் கூடாது என்பதற்காக அவர் கொடுத்த விலை அது. 'த லொக்'கின் முழு அளவு முன்வரைவு இன்று பிலடெல்பியா நூதனசாலையில் இருக்கிறது.

படம் 1824இல் றோயல் அக்கடமியில் தொங்கிய முதல் நாளே ஜேம்ஸ் மொறிசன் என்ற துணி வியாபாரி 150 கினிக்கு வாங்கினார். 2012இல் கிறிஸ்ரிஸ் ஏலத்தில் 2 கோடியே 24 லட்சம் பவுணுக்குப் போனது. செய்தித்தாள்கள் விலையை எழுதின. மாமா உயிரோடு இருந்திருந்தால் விலையைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். துருசு சரியாக வரையப்பட்டிருக்கிறதே என்றிருப்பார்.

படத்தை விளங்கப்படுத்திய அந்தப் பயணத்தின் முடிவில் ஊருக்குத் திரும்ப முன் மாமா என்னை மருதானைக்குக் கூட்டிப் போனார். "படத்தில பாத்தது காணும், வா, உண்மையில பாப்பம்" என்றார். சென். செபஸ்தியன் கால்வாய் பேரே வாவியோடு சேரும் இடத்தில் லொக் கேற் இருக்கிறது. பக்கத்து ஒழுங்கைக்கே லொக் கேற் ஒழுங்கை என்றுதான் பெயர். வாவியின் மட்டம் உயரம், கால்வாய் பதிவு. கருங்கல் சுவர், பாசி பிடித்த கதவு, கதவு இடுக்கால் வழியும் தண்ணீர், அருகில் டயர்க் கடைகளின் இரைச்சல். வள்ளம் ஒன்றையும் நான் காணவில்லை. மாமா சுவரோரம் நின்று கல்லில் இருந்த கயிற்றுத் தடங்களைக் காட்டினார். வருடக்கணக்காகக் கயிறு உராய்ந்து கருங்கல் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல் அகலத்துக்கு வழுவழுப்பாக இருந்தது. கயிற்றை விட்டுக் கொடுத்த எத்தனை கைகள் அந்த இடத்தில் நின்றிருக்கும் என்று அன்றைக்கு எனக்கு நினைக்கத் தெரியவில்லை. இன்றைக்கு அதைத்தான் நினைக்கிறேன்.

கொழும்பு ஒரு காலத்தில் வள்ளங்களின் நகரம். ஒல்லாந்தர் 1656இல் இந்த நகரத்தைப் பிடித்து 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போகும்வரை தங்கள் நாட்டுப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து, சதுப்பையும் ஆற்றையும் கடல்நீரேரியையும் கால்வாயால் இணைத்தார்கள். ஆங்கிலேயர் 1804 அளவில் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தார்கள். ஓலைக்கூரை போட்ட சரக்கு வள்ளங்கள் கறுவாவும் கொப்பறாவும் விறகும் ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புப் பக்கமிருந்து களனி வழியாக நகரத்துக்குள் வந்தன. பேரே வாவிக்கரை முழுவதும் பண்டகசாலைகள். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து வத்தைகளில் ஏறி, கோட்டைப் பக்கத்து லொக் வழியாகத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறின. வடக்கே நாகலகம் வீதிப் பக்கம் களனியை நோக்கி இன்னொரு லொக் இருக்கிறது. நோர்த் லொக் என்பார்கள். களனி பெருகும்போது அதை மூடுவார்கள், ஆறு நகரத்துக்குள் புகாது. ஆனால் மூடிய நேரத்தில் நகரத்தில் பெய்யும் மழைக்கு அந்த வழியால் வெளியேற முடியாது; பம்ப் வைத்து இறைக்கவேண்டும். திறந்தாலும் கவனம் வேண்டும், மூடினாலும் கவனம் வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் குடியிருப்போர் இரவில் நிம்மதியாகத் தூங்குவது அந்தக் கதவைக் காவல் காக்கிறவர்களை நம்பித்தான்.

இதில் எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. ஒல்லாந்தர் கொழும்பில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் அவர்களுடைய சொந்த நாட்டில் யாக்கப் வன் ருயிஸ்டால் போன்றவர்கள் கால்வாய்களையும் காற்றாலைகளையும் பெரிய வானத்தையும் வரைந்து நிலக்காட்சி ஓவியத்தை ஒரு மகத்தான கலையாக்கினார்கள். அந்த ருயிஸ்டாலைப் பிரதி பண்ணித்தான் கொன்ஸ்டபிள் படித்தார். அந்தக் கலை வடகடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. இங்கே வந்தது மண்வெட்டியும் வரைபடமும் மட்டும். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்புக்குக் கோட்டைப் படங்களும் நிலப்படங்களும் உண்டு. 1785இல் வந்த லூத்தரன் பாதிரியார் ஜான் பிரண்டஸின் அருமையான நீர்வண்ணச் சித்திரங்களும் உண்டு. ஆனால் கதவைத் திறந்து மூடிய கொழும்பு மனிதனை நடுவில் நிறுத்தி, அவனுக்காக ஒரு வானத்தையே வரைந்த படம் எதையும் நான் கண்டதில்லை.

நம் ஓவியர்கள் இதைச் செய்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். கொழும்பில் 1943இல் லயனல் வென்ற் முன்னின்று '43 குழு பிறந்தது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் எல்லோரும் அதிலே. சீமை அக்கடமி பாணியில் புல்வெளியையும் பசுமாட்டையும் பிரதி பண்ணுவதை அவர்கள் வெறுத்தார்கள். வெறுத்தது நியாயம். கொன்ஸ்டபிள் என்ற பெயரே அவர்களுக்குப் பழைய பாடப் புத்தகமாகத் தெரிந்திருக்கும். ஆனால் கொன்ஸ்டபிளை ஒழுங்காகப் பின்பற்றுவதென்றால் ஸ்ரவர் நதியை வரைவதல்ல, தெமட்டகொடைக் கால்வாயை வரைவதுதான். ஐவன் பீரிஸ் அந்த வழிக்கு மிகக் கிட்ட வந்தவர் என்பது என் எண்ணம். ஐம்பதுகளில் இங்கிலாந்துக்குப் போய், கடைசியில் சவுத்எண்ட் கடற்கரை ஊரில் குடியிருந்து, 1988இல் அங்கேயே காலமானார். அத்தனை வருடமும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தன் தெஹிவளைக் கடற்கரையை. லண்டனில் இருந்து ஸ்ரவரை வரைந்தவரும், சவுத்எண்டில் இருந்து தெஹிவளையை வரைந்தவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

எங்கள் வீட்டுப் படம் 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. திங்கட்கிழமை பகல். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். பின்மதிலைத் தாண்டி, கால்வாய்க் கரையால்தான் அவர் வளவுக்குப் போனோம். அந்தக் கரையில் ஓடித் திரியக் கூடாது என்று என்னைத் தடுத்த அம்மா அன்றைக்கு அதே கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. இதைப் பற்றி மேலும் எழுத வேறு இடம் வேண்டும்.

லண்டனுக்கு வந்து சேர்ந்து, வேலையும் இருப்பிடமும் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கொன்ஸ்டபிளின் வர்ணத்தை என் கண்ணால் பார்த்தேன். நான் பார்த்தது எங்கள் சுவரில் இருந்த 1824ஆம் ஆண்டு நெடும்படத்தை அல்ல. அதே லொக்கை அகலவாட்டில் அவர் 1826இல் வரைந்த இன்னொரு படம். 1829இல் 52 வயதில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், அவரை முழு அங்கத்தவராகத் தெரிந்தெடுத்த றோயல் அக்கடமிக்கு வழக்கப்படி கொடுக்கவேண்டிய ஒரு ஓவியமாக அவர் கொடுத்தது இதைத்தான். எத்தனையோ படங்கள் கையில் இருக்க, தன் பெயருக்கு அடையாளமாக அந்தச் சபையில் நிரந்தரமாக இருக்கட்டும் என்று மதகுக்காரனைத் தெரிவு செய்திருக்கிறார்.

அச்சில் பார்த்து வளர்ந்தவனுக்கு அசல் முதலில் தருவது அதிர்ச்சி. எங்கள் பிரதியில் எல்லாம் மென்மையான பழுப்பும் பச்சையுமாக இருந்தது. கடற்காற்றும் ஈரமும் கீழ்மூலையைத் தவிட்டு நிறமாக்கியிருந்தன. அசலில் வர்ணம் கட்டி கட்டியாக நிற்கிறது. தண்ணீரில், இலையில், ஈரப் பலகையில், தூரிகையால் அல்ல, வர்ணக் கத்தியால் வெள்ளையை அப்பியிருக்கிறார். கிட்ட நின்றால் சுவரில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி. ஆறேழு அடி பின்னால் வந்தால் அத்தனை வெள்ளையும் ஈரத்தில் விழுந்த வெயிலாக மாறிவிடுகிறது. அந்தக் காலத்து விமர்சகர்கள் இதைப் பனி கொட்டியதென்று பரிகசித்தார்கள். அவர்கள் மழை விட்ட பின் கால்வாய்க் கரையில் நின்றதில்லை போலும். பெருமழை ஓய்ந்து சட்டென்று வெயில் எறிக்கும்போது கிருலப்பனைக் கால்வாயின் சல்வீனியா மேல் மினுங்குவது அதே வெள்ளைதான். அந்த மண்டபத்தில் நின்றபோது எனக்கு அது உடம்பில் உறைத்தது. வானத்தையும் அவர் சும்மா போடவில்லை. 1821இலும் 1822இலும் ஹாம்ஸ்ரெட் மேட்டில் நின்று முகிலை மட்டுமே பார்த்து, திகதியும் நேரமும் காற்றுத் திசையும் குறித்து, ஏராளமான சித்திரங்கள் தீட்டியவர். மதகுக்காரனுக்கு மழை எப்போது வரும் என்று தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? அந்த வானம் அவனுடைய தொழிலின் ஒரு பகுதி.

சிவப்பு மேலங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். பச்சையும் சாம்பலும் நிறைந்த திரையில் அந்த ஒரு சிவப்புத் துண்டு இல்லாவிட்டால் படம் கண்ணில் தங்காது. அதை ஒரு பிரபுவின் மேலோ கடவுளின் மேலோ போடாமல், பாரை பிடித்த கூலிக்காரனின் முதுகில் போட்டிருக்கிறார். இதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

அசலைப் பார்க்காமல் ஓவியத்தை ரசிக்க முடியாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொன்ஸ்டபிளே தன் ஓவியங்களை டேவிட் லூக்கஸ் என்ற செதுக்குக் கலைஞரைக் கொண்டு கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களாக்கி, 1830 தொடக்கம் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 'த லொக்'கும் 1834இல் லூக்கஸ் கையால் அச்சுக்கு வந்தது. வர்ணம் போனாலும் ஒளியும் இருளும் நிற்கும், அது போதும் என்று நம்பியவர். அசலை வாங்க முடியாதவர்களின் சுவர்களுக்கும் தன் நதி போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்த ஆசையின் ஒரு துளி கிருலப்பனை வரைக்கும் வந்தது.

பிளற்பேர்டுக்கும் போனேன். லிவர்பூல் ஸ்ரீற்றில் ரயில் ஏறி மனிங்ரீயில் இறங்கி, வயல் ஓரமாக நதிக்கரையால் நடந்தால் வந்துவிடும். ஆலைக் கட்டடத்தில் இப்போது மாணவர்கள் தாவரமும் பூச்சியும் படிக்கிறார்கள். நதி நான் எண்ணியதைவிட மிகச் சின்னது. ஹைலெவல் வீதிப் பாலத்தடியில் ஓடும் எங்கள் கால்வாய்க்கும் அதற்கும் அகலத்தில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. லொக் திருத்தப்பட்டு நல்ல நிலையில் இருக்கிறது. கனத்த மரக்கதவு, கதவின் மேல் குறுக்கு உத்தரம். பள்ளிப் பிள்ளைகள் கரையில் வரிசையாக இருந்து பலகையை மடியில் வைத்துக் கீறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கதவைக் கீறி, கதவு இடுக்கால் வழியும் தண்ணீரைத் தனித்தனிக் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியை அவளிடம் தண்ணீர் எந்தப் பக்கம் உயரமாக நிற்கிறது என்று கேட்டார்.

இருநூறு வருடத்துக்கு முன் ஒருவர் வரைந்ததால் அந்த நதிக்கு இன்றைக்கும் காவல் இருக்கிறது. கரையைத் தொட யாருக்கும் மனம் வராது. ஓவியம் ஒரு இடத்துக்குச் செய்யக்கூடிய நன்மை இது. எங்கள் கால்வாய்க்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. வரையப்படாத நீர்நிலையை நகரம் சாக்கடை என்று எழுதி முடித்துவிடுகிறது. சதுப்பை நிரப்பி, கரையைச் சுருக்கி, குப்பையைக் கொட்டி, 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் நின்ற பிறகுதான் கொழும்பு தன் கால்வாய்களைத் திரும்பிப் பார்த்தது. 2012இல் உலக வங்கியின் 21 கோடி 30 லட்சம் டொலர் கடனோடு தொடங்கிய பெருநகரத் திட்டத்தில் கால்வாய்கள் தூர் வாரப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன, நடைபாதைகள் வந்தன. கடைசியாக நான் போனபோது வெள்ளவத்தைப் பக்கத்தில் காலையில் ஆட்கள் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். கபரகொய்யாவும் இருந்தது, நீர்க்காகமும் இருந்தது. கங்குன் பாத்தி இருந்த இடத்தில் தொடர்மாடி. காசு செய்யக்கூடியதைக் காசு செய்திருக்கிறது. இனி நடக்கவேண்டியது கண்ணின் வேலை.

கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்குப் பனைமரமும் சூரிய உதயமும் கீறக் கொடுத்தது போதும். அவர்களைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போங்கள். மருதானை லொக் கேற்றைக் காட்டுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் உயரம், ஏன் உயரம், யார் திறக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள், பிறகு கீறச் சொல்லுங்கள். திறக்கிற ஆளையும் கட்டாயம் கீறச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் இன்னொன்று. பேரே வாவியில் வத்தை ஓட்டியவர்கள், பண்டகசாலையில் கணக்கெழுதியவர்கள், வெள்ளவத்தை நெசவாலையில் வேலை செய்துவிட்டுக் கால்வாய்க் கரையால் வீட்டுக்கு நடந்தவர்கள் இன்னும் சிலராவது ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் ஹரோவிலும் இருக்கிறார்கள். எண்பது தொண்ணூறு வயது. அவர்களிடம் ஒரு கடதாசியும் பென்சிலும் கொடுத்து, லொக் கேற் எங்கே இருந்தது, வள்ளம் எங்கே கட்டினார்கள் என்று கீறிக் காட்டச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. திகதி போட்டு, இடத்தின் பெயர் எழுதி, பத்திரமாக வையுங்கள்.